ஏலக்காய் மணக்காத வீடு

20.1.1983
இன்றும் கொல்லைப்புறத்தில் குளித்து, சேலை மாற்றிய பிறகே வீட்டுக்குள் வந்தேன். ஏலக்காய்க் கடையில் நாளெல்லாம் காய் பொறுக்கினால் முடியில்கூட வாசம் ஏறிவிடுகிறது. அது மூக்கில் பட்டால் போதும், இவருக்கு வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். ஐப்பசி மழையில் போடிமெட்டு ரோட்டில் இவர் ஓட்டிவந்த ஜீப்பு கவிழ்ந்து, மூட்டைகள் பிரிந்து, ஏலக்காய்க்கு அடியில் கிடந்தார். பக்கத்திலேயே கிளீனர் வீரணன் உயிரை விட்டான்.

பொங்கலுக்கும் ஏலக்காய் போடவில்லை. போடியில் இப்படி ஒரு வீடு!

2.2.1983
கோடாங்கி, “வீரணன் ஆவி புடிச்சிருக்கு” என்றான். சேவல் பலியாகப் போனது. பயம் போகவில்லை.

9.2.1983
“சோலிக்குப் போக வேணாம் ஆத்தா. எம் மகன் கண்ணுல அந்தக் காயே படக்கூடாது” என்றார் அத்தை. வேலையிலிருந்து நின்றுவிட்டேன். பழுது பார்த்து வந்த ஜீப்பின் மேல் தார்ப்பாய். வீரணன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. இவரோ இப்போது தெருவுக்கே வருவதில்லை. ஊரே மணக்கிறதே, எங்கே போவார்?

23.3.1983
“பைத்தியக்கார டாக்டருகிட்டயா?” என்று அத்தை அழுதார். நான் கேட்கவில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ரயிலேறிவிட்டேன்.

டாக்டரம்மா சொன்னார்: “இது பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. பெரிய விபத்துல தப்பிச்சவங்களுக்கு வர்றதுதான். விபத்து முடிஞ்சது இவர் மனசுக்கு இன்னும் தெரியல. நீங்க ஒளிக்க ஒளிக்க பயம் வளரும். நடந்ததைப் பேசணும். பயப்படுறதுகிட்ட கொஞ்சங் கொஞ்சமாப் போகணும்.”

அப்ப நாங்க செஞ்சது பூராம் தப்பா? எம்புட்டுப் பாடுபட்டு ஒளிச்சோம்!

10.5.1983
ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறார். இன்று திரும்பும் ரயிலில் என்னிடமும் சொன்னார். “தண்ணி கேட்டான் புள்ள. என்னால கைய அசைக்க முடியல.” எல்லார் முன்னாலும் அழுதார். நானும்தான். வெட்கமாக இல்லை.

2.6.1983
வேலைக்குத் திரும்பிவிட்டேன். மாலையில் சேலை மாற்றாமல் வாசலில் நின்றேன். இவர் முகம் வெளுத்தது. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி காலைத் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக விட்டார். “உள்ள வா” என்றார். நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தார், ஆனால் எழுந்து ஓடவில்லை. எம் புருசன்!

21.8.1983
மலையடிவாரத்தில் முந்தல் வரை ஜீப்பு ஓட்டினார். நான் பக்கத்தில்.

18.9.1983
இன்று ஜீப்பு கவிழ்ந்த அந்த வளைவு வரை போனோம். வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். கொண்டுபோன பாட்டில் தண்ணீரை மண்ணில் ஊற்றினார். “குடிடா வீரணா.” கை நடுங்கியது. அந்த நடுங்கிய கையோடுதான் மெட்டு வரை ஏற்றினார். மலை ஏறாத டிரைவர் என்று சிரித்த ஆட்களெல்லாம் வந்து பார்த்திருக்க வேண்டும்.

5.11.1983
மழை. மேலே லோடு எடுக்கப் போனார். நான் கூடப் போகவில்லை, கடையில் சோலி கிடந்தது. பொழுது சாய ஜீப்பு வந்து நின்றது. சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். அத்தை பதறிப்போய்க் கொல்லைப்புறத்தில் தண்ணீர் எடுத்து வைக்க ஓடினார்.

“குளிக்கிறது இருக்கட்டும் ஆத்தா. பசிக்குது, வெரசா சோத்தப் போடு” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.