குடத்தில் ஏறாத ஊற்று

செங்கல்,
மீனம் 12

அன்பு மகள் ஸ்ரீகலாவுக்கு அம்மா எழுதுவது. என் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் சுகம், மஸ்கட்டில் நீயும் பிள்ளைகளும் அப்படியே என்று நம்புகிறேன். போனில் சொன்னால் வேலை என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு விலாசினி இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

கிணற்றை ஒட்டி மரங்களோடு நிற்கும் நம் நாகர் காவை விற்க நீயும் சரி சொன்னதாக உன் அண்ணன் ஈஸ்வர் சொன்னான். என்னை யாரும் கேட்கவில்லை. பைபாஸ் வந்தபின் மண்ணுக்கு விலை ஏறிவிட்டதாம், வருகிற ஆயில்யத்தன்று தந்திரி நாகரைக் குடத்தில் ஆவாகித்துக் கோயிலில் கொண்டு வைப்பாராம், பிறகு மரம் முறித்தால் தோஷம் இல்லையாம். "பாம்பு போயாச்சுன்னா அது வெறும் காடாக்கும் அம்மா" என்கிறான். விலாசினி வீட்டுக் காவையும் இப்படித்தான் மாற்றினார்கள். பூஜையில் குறையில்லை, பாயசம் நானும் குடித்தேன். நாகர் கோபிக்கவில்லை, ஒருவருக்கும் ஒரு சொறிகூட வரவில்லை. ஆனால் மரங்கள் போன அடுத்த கும்ப மாத வெயிலிலேயே அவர்கள் கிணறு வற்றிவிட்டது. இன்று அவள் நம் கிணற்றில்தான் தண்ணீர் கோருகிறாள். "எங்க பாம்பு கோயிலுக்குப் போச்சு சேச்சி, தண்ணி எங்க போச்சுன்னு தந்திரிக்கும் அறியாது" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் வாசகசாலையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். முன்னோர் பக்தியால் காவைக் காத்தார்கள் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். அதே பக்திக்குள் வெட்டுவதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதை ஒருவரும் எழுதவில்லை. சாமியை மாற்ற மந்திரம் உண்டு, ஊற்றை மாற்ற இல்லை. இனி பாம்புக்காக வேண்டாம், தண்ணீருக்காகக் காப்போம் என்றேன். குழாய்க்கிணறு போடலாம் என்கிறான் ஈஸ்வர். விலாசினி வீட்டில் இரண்டு போட்டார்கள், செம்புழுதிதான் வந்தது. ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் போதும், மரம் அறுக்கத்தான் ஆள் வந்துவிட்டதோ என்று எழுந்து ஓடுகிறேன்.

நேற்று ஆவாகிக்கப் புதுச் செம்புக்குடம் வாங்கி வந்தான். புழங்காத குடம்தான் பூஜைக்கு ஆகுமாம். இன்று காலை அதில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டேன், விலாசினியும் அதிலேயே கோரிக்கொண்டு போனாள். அவன் இன்னொன்று வாங்குவான், அமரவிளைக் கடைக் குடங்களையெல்லாம் நான் நனைக்க முடியாது. காவில் உனக்கும் பங்கு உண்டு மக்கா, நீ மறுத்தால் அவன் விற்க முடியாது. ஆயில்யத்துக்கு முன்பே அவனைக் கூப்பிட்டுச் சொல்.

பிள்ளைகள் தீர்க்காயுசோடு இருக்கட்டும். விடுமுறைக்கு வரும்போது அவர்கள் குளிக்க இந்தக் கிணறுதான், மறக்காதே.

இன்னும் சம்மதிக்காத உன் அம்மா,
உமையம்மாள்