ஏலக்காய் தேடிய குளவிகள்

நாள் 211, காலை 8.10
செவ்வாய்த் தளம், துவரைக் கூடாரம். பதிபவர்: பூச்சியியலாளர் அமலோற்பவம். காய்ப்புழு: செடிக்கு இரண்டு. ஒட்டுண்ணிக் குளவி அறுநூறையும் திறந்துவிட்டேன். புழு கடித்த இலை ஒரு வாசம் விடும். அதை மோப்பம் பிடித்து வரும் குளவி, புழுவுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடும். மருந்து அடிக்க முடியாது. முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே காற்று.

நாள் 216, காலை 8.05
செடிக்கு ஆறு புழு. குளவி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கப்பல் வரப் பதினான்கு மாதம். கையிருப்புப் பருப்பு ஐந்து மாதத்துக்கு. துவரை போனால் பட்டினிதான்.

நாள் 217, மாலை 4.20
குளவிகள் கேன்டீனில்! ஏலக்காய்த் தேநீர்ப் பாத்திரத்தை மொய்க்கின்றன.
காரணம் எனக்குத் தெரியும். கூண்டில் குளவிக்கென வளர்க்கும் புழுக்களுக்குத் துவரை இலைதான் கொடுப்போம். இலை வீண் என்று மாவுத் தீனிக்கு மாற்றச் சொன்னார் நிர்வாகி குலசேகரன். மாவு நாறுகிறது என்று அதில் ஏலக்காய் எசென்ஸ் கலக்கச் சொன்னதும் அவரே. முதல் புழுவை எந்த வாசத்தில் கண்டதோ, குளவி அதையே தேடும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். வந்த பதில்:
“பூச்சிக்கு ஏதுங்க மூக்கு? கையெழுத்தப் போடுங்க மேடம்.”
போட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் 218, காலை 11.30
கேன்டீனில் பன்னிரண்டு குளவிகளைப் பிடித்தேன். கடிபட்ட துவரை இலையில் ஆளுக்கொரு புழு காட்டினேன். திறந்துவிட்டதும் ஒன்பது நேராகச் செடிக்குப் போயின. மறுபடி கற்கின்றன! மிச்சத்தையும் இரண்டு நாளில் பழக்கிவிடுவேன். அதுவரை கேன்டீனைத் தொட வேண்டாம் என்று நிர்வாகிக்குச் செய்தி அனுப்பினேன்.
“சரிங்க மேடம், நான் பாத்துக்கறேன்.”

நாள் 219, காலை 9.40
பார்த்துக்கொண்டார். அனைவருக்கும் வந்த அறிவிப்பு:
“கேன்டீன் கதவ மூடிட்டு, உள்ள இருந்த காத்த பத்து நிமிஷம் வெளிய விட்டுட்டோம். குளவித் தொல்லை தீந்துச்சு. எல்லாரும் தைரியமா வந்து டீ குடிங்க.”
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய முட்டாள்! ஐந்நூற்றுச் சொச்சம் குளவிகளைத் தரையிலிருந்து கூட்டி அள்ளினேன்.

நாள் 226, காலை 8.00
செடிக்கு முப்பது புழு. ஒன்பது குளவி. அவை பெருக மூன்று வாரம் வேண்டும். செடிகளில் இப்போதே நரம்புதான் மிச்சம்.
குலசேகரன் கூடாரத்துக்கு வந்தார். “இப்ப என்னங்க பண்றது?” என்றார். கையில் எனக்கும் ஒரு டம்ளர் டீ. வாங்கி அவர் காலடியில் ஊற்றினேன்.

நாள் 240
செடி இல்லை. புழுக்கள் ஒன்றையொன்று தின்கின்றன.
இதைக் கண்டெடுப்பவருக்கு: கிடங்கில் ஏலக்காய் எசென்ஸ் நாற்பது புட்டி இருக்கும். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பைத் தேடாதீர்கள்.