வலது கைக்குக் காத்திருந்த சோறு

8 செப்டம்பர் 2025, திங்கள்

மெஷின் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோ பெண் சண்முகப்பிரியாவே ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒரு வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து ஐந்து குழாய், குழாய் முனையில் கறுப்புக் கையுறை. மூன்று மாதத்துக்கு இரவல். என் வீட்டுக்காரர் அப்துல் வஹீதின் வலது கையை அதற்குள் நுழைப்பதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் காற்று ஏறி விரல்கள் விரிந்தன, பிறகு மடங்கின. பக்கவாதம் வந்ததிலிருந்து மடியில் கிடந்த கை அது. இவர் அழுதுவிட்டார். உக்கடத்து இரும்புக் கடையில் லாரி டிரைவர்களை அதட்டி வேலை வாங்கிய மனுஷன்!

"வலது கையவே வேலைக்குக் கூப்பிடுங்க சார். எல்லாத்துக்கும் இடது கைய நீட்டுனா வலது கை மறந்துபோயிருமுங்க" என்றாள் சண்முகப்பிரியா.

இவர் அந்த ஒரு பேச்சை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

11 செப்டம்பர்

இடது கையால் சாப்பிட மாட்டேன் என்பது முன்பிருந்தே உள்ள பிடிவாதம். ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாள் முதல் நான்தான் ஊட்டுகிறேன். முடியாதவருக்கு இடது கையால் சாப்பிடுவது குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். "இத்தன வருசம் சோறு போட்ட கை இதுங்க ஹஜ்ரத். அது வர்ற வரைக்கும் நான் இருந்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். இப்போது பிசியோவும் சொல்லிவிட்டாள் என்று ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டு. பக்கத்து வீட்டு ஃபர்சானா ஊட்ட வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அப்துல் வஹீது பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? நேற்று ஏதோ ஞாபகத்தில் இடது கையால் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். "ஏனுங்க, அந்தக் கையப் பழக்குனா இந்தக் கை சோம்பேறி ஆயிருமுங்க" என்று தட்டை நகர்த்தி வைத்தேன். கை திரும்ப வேண்டும் என்ற ஆசைதான்.

24 செப்டம்பர்

வெள்ளகோவிலிலிருந்து தம்பி சஹீர் போன் செய்தான். அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். "டாக்டரு ஊட்டுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிப்போட்டாருக்கா. நீ வந்து நாலு நாள் கூட இரு."

நாலு நாளா! இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் உள்ள நேரம்தானே எனக்குச் சொந்தம்?

26 செப்டம்பர், வெள்ளி

விடியும் முன்னே இட்லி ஊட்டிவிட்டுக் கிளம்பினேன். சிங்காநல்லூர் போய் அங்கிருந்து வெள்ளகோவில் வழியாகப் போகிற கரூர் பஸ். அம்மா இளைத்துக் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார்கள். வெந்நீரில் துணி நனைத்து முகம் துடைத்துவிட்டேன், தலை வாரினேன். அதற்குள் நேரமாகிவிட்டது.

"இருந்துட்டுப் போ கண்ணு" என்றார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். நான் மூடி வைத்துவிட்டுப் போன சோற்றுக்கு முன்னால் இவர் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை உள்ள உடம்பு, உதடு வெளுத்திருந்தது. திட்டவும் மனசு வரவில்லை. "மாமி எப்படி இருக்காங்க?" என்றார். "உங்களைத்தான் கேட்டாங்க" என்று பொய் சொல்லி முதல் கவளத்தை வாயில் வைத்தேன்.

5 அக்டோபர்

மெஷினோடு வந்த திரையில் இரண்டு கோடுகள் தெரியும். நீலம் மெஷின் கொடுக்கிற பலம், பச்சை இவருடைய சொந்தப் பலம். நீலம் உச்சிக்குப் போய்விட்டது. பச்சை தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கையுறையோடு பஞ்சு உருண்டையை அழகாகப் பிடிக்கிறார். கையுறையைக் கழற்றினால் உருண்டை கட்டிலடிக்கு ஓடிவிடுகிறது. குனிந்து குனிந்து எடுத்து எனக்கு இடுப்பு போச்சு.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குதல்லோ" என்கிறார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை முகம்.

இடது கையால் சாப்பிட்டால் கெடுதலா என்று சண்முகப்பிரியாவைத் தனியாகக் கேட்டேன். திடுக்கிட்டுப் போனாள். "அய்யோ, பயிற்சிக்குத்தானுங்கம்மா அப்படிச் சொன்னேன்! சாப்பாட்டுக்கு இடது கையில ஸ்பூன் குடுங்க, தப்பே இல்லீங்க" என்று இவரிடமும் வந்து சொன்னாள். இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். காது நன்றாகத்தான் கேட்கும்.

9 அக்டோபர்

மறுபடி வெள்ளகோவில். அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு வந்தேன்.

அதை ஏன் எழுதுகிறேன்? எழுதாவிட்டால் மட்டும் மறந்துவிடுமா?

13 அக்டோபர்

இன்றும் பச்சைக் கோடு எழவில்லை.

16 அக்டோபர், வியாழன்

அம்மா மவுத். போய்விட்டார்கள்.

காலையிலேயே சஹீர் கூப்பிட்டான். "மூச்சு ஒரு மாதிரி வாங்குது, உடனே வாக்கா" என்றான். மதியத்துக்கு ஊட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அப்படித்தான் சொன்னேன். ரசம் விட்டுச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது திரும்பவும் போன் அடித்தது. கையெல்லாம் சோறு. ஃபர்சானாதான் ஓடி வந்து எடுத்து என் காதில் வைத்தாள்.

ஒரு வேளை. ஒரே ஒரு வேளை அந்தக் கையில அள்ளித் தின்னிருந்தா என்ன குடி முழுகியிருக்கும்? வாயத் தொறந்து, போயிட்டு வா புள்ளன்னு சொல்ல நாக்கு வரலியா இந்த மனுசனுக்கு? நான் ஒருத்தி — எடுத்த பிஸ்கட்டையும் புடுங்கி வெச்சவ. போறேன்னு கிளம்பியிருந்தா யாரு தடுத்தா? யா அல்லாஹ், எங்கம்மா கண்ணு வாசலையே பார்த்துட்டு இருந்துச்சாம்.

கார் வந்துவிட்டது. இவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

18 அக்டோபர், வெள்ளகோவில்

அம்மாவுக்கு மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதினார்கள். முன்கூடத்தில் ஆண்களுக்குச் சஹன் வைத்தார்கள். ஒரு தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றில் கை போட்டுச் சாப்பிடுவது. அதில் இடது கையை விட முடியாது. உள்ளறையில் வைத்து ஊட்டலாம் என்று தட்டோடு காத்திருந்தேன். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்கூடத்துக்கே போய்விட்டார்.

"சஹீரு, எனக்குத் தனியா ஒரு தட்டு வெய்ப்பா. நான் பீச்சாங்கையிலதான் சாப்பிடப் போறேன்" என்றார். கூடம் முழுக்கக் கேட்டது.

கதவிடுக்கில் பார்த்தேன். சோறு மடியில் விழுந்தது, தாடியில் ஒட்டியது. பழக்கமில்லாத விரல்கள் வாயைத் தவறவிட்டன. சஹீர் உதவ எழுந்தான். "இரு மாப்ளே. உங்கக்காவ இந்தச் சோத்துக்குத்தான் புடிச்சு வெச்சிருந்தேன்" என்றார். யாரும் தலை நிமிரவில்லை. கண்ணீர் வடிய வடிய ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார்.

ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அந்தத் தட்டைப் பிடுங்கி வீச வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. உள்ளே பெண்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்றார்கள், எடுத்துக்கொண்டு போனேன்.

9 டிசம்பர், செவ்வாய்

சண்முகப்பிரியா வந்து மெஷினைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போனாள். அடுத்து வேறு ஒருவர் வீட்டுக்காம். "அவருக்காச்சும் வரட்டும்ங்க" என்று இவர் வாசல் வரை போய் வழியனுப்பினார். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது.

மதியம் இவரே சாப்பிட்டார். இப்போதெல்லாம் அவ்வளவாகச் சிந்துவதில்லை. கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ வேணும்னா வெள்ளகோவில் போயி பத்து நாள் இருந்துட்டு வா அம்மணி. என்னைய நான் பார்த்துக்குவேன்" என்றார்.

போய் யார் பக்கத்தில் உட்காருவது என்று வாய் வரை வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. "ஆகட்டும்ங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன்.