உடையாத கம்பு

ராஸ்காமன்
14 அக்டோபர் 1956

அன்புள்ள டிம்ப்னா,

தெரியாது என்பதுதான் பதில். என் மகளின் உள்ளங்கை வீங்கியிருப்பது, கோவென்ட்ரியிலிருந்து நீ எழுதிய பிறகுதான் எனக்குத் தெரியும். ஒரே வீடு. ஒரே மேசை. ஃபினோலா ஒரு கையை மடியில் மறைத்துக்கொண்டே உருளைக்கிழங்கு தின்றிருக்கிறாள். பெற்றவளிடம் ஒரு சொல் இல்லை. இரண்டு கோடையில் பத்து நாள் பார்த்த சித்திக்கு மூன்று பக்கக் கடிதம்.

முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. பொறாமை.

அது பழையது. ஃபினோலாவைப் போலவே உனக்கும் இடது கைப் பழக்கம். அதற்காகப் பள்ளியில் சிஸ்டர் பெனிக்னாவிடம் தினமும் அடி. வீட்டுக்கு வந்து சிரிப்பாய்: "இன்னைக்கு ஆறுதான்க்கா. நேத்து எட்டு. தேறிட்டு வரேன் பாரு." அம்மா பள்ளிக்கூடம் போய்க் கேட்டதில்லை. யார்தான் கேட்டார்கள். ஆனால் உன் கையை மோரில் நனைத்து, வீக்கம் வடியும்வரை மடியில் வைத்திருப்பாள். நான் வாளியோடு வாசலில் நிற்பேன். அடி வாங்காத பெண்ணுக்கு மடியில் என்ன வேலை.

நான் ஏன் அடி வாங்கவில்லை என்று உனக்குத் தெரியும். திங்கட்கிழமைதோறும் நம் ஓடையோர வில்லோ மரத்தில் கம்பு வெட்டிக் கொண்டுபோனவள் நான். வெட்டுகிறவளுக்கு அந்த வாரம் அடி கிடையாது. உனக்குத் தெரியாதது ஒன்று. மெல்லிய கம்புகள் நின்ற இடத்திலேயே கைக்கு எட்டும். நான் மரமேறி, உடையாததாகப் பார்த்து வெட்டினேன்.

போன மாதம் முட்டைக் கூடையோடு கான்வென்ட் வாசலில் நின்றபோது அதே சிஸ்டர், "உங்க ஓடைக் கம்பு மாதிரி வராதுடி நோரின். நாலு அனுப்பு" என்றார். முப்பத்தாறு வயதில் அது பெருமையாக இருந்தது. வெட்டிக் கட்டி ஃபினோலா கையிலேயே கொடுத்தனுப்பினேன். கொண்டுபோகிறவளுக்கு அடி இல்லை என்ற பழைய வழக்கத்தை நம்பி.

முதல் கம்பு அவளுக்கே விழுந்திருக்கிறது. "சித்தியோட பிசாசுக் கை உனக்கும் வந்திருக்கே, நீட்டு" என்றாராம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நேற்றுக் கேட்டேன். "நீ சிஸ்டர் ஆளுதானேம்மா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. வெளியே மழை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளை உன்னிடம் அனுப்பச் சொல்கிறாய். மாட்டேன் என்று இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். அம்மாவின் மடி உனக்கு. இப்போது இவளுமா.

நாளை திங்கட்கிழமை. பள்ளிக்கு அனுப்பமாட்டேன். சனிக்கிழமை டப்ளின் துறைமுகத்துக்கு நானே கூட்டி வருகிறேன். கப்பலேறி வந்து அழைத்துப் போ. அங்கே எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுதட்டும். ஒன்றே ஒன்று. நான் பார்த்துப் பார்த்து வெட்டிய கதையை அவளிடம் நீ சொல்லாதே. அதையாவது என் வாயால் கேட்கட்டும்.

கடவுள் உன் கைகளைக் காக்கட்டும்.

உன் அக்கா,
நோரின்

உறையை ஒட்டினாள். கிண்ணத்தில் மோரை ஊற்றினாள். ஃபினோலாவைக் கூப்பிட்டாள்.