அப்பா தண்ணீர் குடித்த மாலை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒழுங்காகத் தூங்குகிறாயா இல்லை போனை நோண்டிக்கொண்டு கிடக்கிறாயா. இதற்கு அடுத்தது நாங்கள் இருவரும் இங்கே நல்ல சுகம் என்ற வரி, எழுதி எழுதிப் பழகிய வரி, கை தானாக அங்கே ஓடுகிறது, இன்று நான்தான் பிடித்து நிறுத்தினேன். அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது கண்ணு. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்புகிறார்கள், அதில்தான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இந்த மாதக் கடைசியோடு நிறுத்திவிடப் போவதாக அப்பா முடிவு பண்ணிவிட்டார். நீ அனுப்பிய படகு டிக்கெட்டில் போனோமே, அந்தப் படகில் வைத்துத்தான் என்னிடம் சொன்னார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் தனியாகக் கேட்டேன், ஒரு வாரம் தாங்கலாம், இரண்டு வாரம் தாங்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உனக்குச் சொல்லவே கூடாது என்பது அப்பாவின் கட்டளை, வேலை இப்போதுதான் நிரந்தரம் ஆகியிருக்கிறது, கேள்விப்பட்டால் போட்டது போட்டபடி ஓடி வருவான் என்கிறார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையை வைத்துக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார், என் தையல் கடை போனில் கூப்பிடலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வருமே தவிர சேதி வராது. அதனால்தான் கடையில் கட்டிங் மேஜை மேலேயே, பேன்ட் துணிகளை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

சின்னக் கோளாறு, மாத்திரையில் சரியாகிவிடும் என்றுதானே சொன்னீர்கள் என்று நீ கேட்பாய். ஆமாம், அப்படித்தான் சொன்னோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், நீ தூரத்தில் இருந்ததால் சோறு மட்டும்தான் உனக்குத் தெரிந்தது. வீடியோவில் எப்போது பார்த்தாலும் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பாரே, என்னப்பா ஆபீசர் மாதிரி என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அது ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை மறைக்கத்தான். சாப்பாட்டில் உப்பு கிடையாது, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுச் சாப்பிட்டுவிடுவார், அது கூடப் பரவாயில்லை. தண்ணீர்தான் கொடுமை. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது, நெஞ்சில் சேர்ந்துவிடும், அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். காலையில் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து ஃபிரிட்ஜ் மேல் வைப்பேன், டீ, மாத்திரை, தாகம் எல்லாத்துக்கும் அன்றைக்கு அதுதான். அந்த பாட்டிலுக்கு நான் போலீஸ். வாய் கொப்பளிக்கிற சாக்கில் விழுங்கிவிடுகிறாரோ என்று பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன், அவருக்கும் அது தெரியும், உள்ளே இருந்தே, துப்பிட்டேன் டெய்லரம்மா, போய் வேலையைப் பாரு என்பார். வெயிலில் நடந்து வந்த மனுஷன் நாக்கை உதட்டில் தடவிக்கொண்டு அந்த பாட்டிலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் கல்யாண நாளுக்கு உன் டிக்கெட் வந்தது. மாலை நேரக் கால்வாய்ப் படகு, இரண்டு பேருக்கு, இரவுச் சாப்பாடும் சேர்த்து, குடிக்க என்ன வேண்டுமோ எவ்வளவு வேண்டுமோ அதுவும் சேர்த்து. அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. உன்மேல் தப்பே இல்லை ராஜா, நாங்கள் சொல்லியிருந்தால் நீ ஏன் அதை வாங்கப் போகிறாய். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், கீழ் வீட்டு டாக்சிக்காரரும் அவர் மனைவியும் போய்விட்டு வரட்டும் என்றேன். அப்பா கேட்கவில்லை, முதலாளி அனுப்பியிருக்கார், போகலன்னா சம்பளத்துல பிடிச்சிடுவார் என்றார். நீ சின்னப் பிள்ளையில் அவர் வேலை பார்த்த ஓட்டல் கல்லாவில் ஏறி உட்கார்ந்து அவரை அதிகாரம் பண்ணினாயே, அன்றையிலிருந்து அவருக்கு நீ முதலாளிதான், இன்னும் பேச்சை மாற்றவில்லை. கருப்பு பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தரச் சொன்னார். அந்தப் பேன்ட்டை ஏற்கெனவே பிடித்திருக்கிறேன், இந்தத் தடவை பிடித்ததில் இரண்டு பின்பாக்கெட்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றது, ஊரார் பேன்ட்டில் அப்படி வந்தால் நான் காசு வாங்கமாட்டேன். வெள்ளைச் சட்டையை மொடமொடவென்று இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

அங்கே போனதும்தான் கூத்து. அந்தப் படகில் பரிமாறுகிறவர்களுக்கும் வெள்ளைச் சட்டை, கருப்பு பேன்ட்தான். ஆயுசு பூராவும் ஓட்டலில் சப்ளையராக இருந்த மனுஷனுக்கு நல்ல உடுப்பு என்றால் அதுதானே, எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. நாங்கள் மேஜைக்குப் போய் உட்காருவதற்குள் பக்கத்து மேஜையில் இருந்த புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி அப்பாவைக் கூப்பிட்டு ஃபோர்க் ஒன்று கீழே விழுந்துவிட்டது என்றது. நான் இந்த ஆள் இங்கே வேலை செய்பவர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அப்பா அதற்குள் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு ஃபோர்க் எடுக்கப் போய்விட்டார். பிறகு நிற்கவே இல்லை. ஒருத்தருக்கு நாப்கின், ஒருத்தருக்குச் சூப், ஒரு கிழவருக்கு முதுகுக்குக் குஷன். ஊசி போடுகிற கையில் பாரம் தூக்கக் கூடாது, அதனால் மற்ற கையில் முழங்கை வரைக்கும் தட்டை அடுக்கிக்கொண்டு, படகு ஆடினாலும் ஒரு சொட்டு சிந்தாமல் வந்தார். கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் அங்கே பரிமாறுகிறவர்களுக்கு மேற்பார்வை, முதலில் முறைத்தார், பிறகு விஷயம் தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்து, நாளைக்கும் வந்துடுங்க சார் என்றார். எனக்கு மானம் போயிற்று, ஆனாலும் பார்க்க நன்றாக இருந்தது கண்ணு. அந்த முகத்தை நான் எத்தனை மாதமாகப் பார்க்கவில்லை. படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் வீடுகளின் பின்பக்கம், மாடிப்படியில் காயப்போட்ட துணி, சமையலறை ஜன்னலில் யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள், பாலம் வரும்போதெல்லாம் தலை இடிக்குமோ என்று எல்லாரும் குனிகிறார்கள், இடிக்காது என்று தெரிந்ததும் சிரிக்கிறார்கள்.

ஒருவழியாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்து வேர்த்திருந்தது. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன அவருடைய டப்பாவைத் திறந்து முன்னால் வைத்தேன், அவர் அதை மூடி என் பையிலேயே திரும்ப வைத்துவிட்டு, படகில் கொடுத்த ரொட்டியையும் மீனையும் உப்போடு சாப்பிட ஆரம்பித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், நாலு பேர் முன்னால் என்ன சொல்வது. அப்போது கண்ணாடி அம்மா குடிக்க என்ன சார் வேணும், வைன் இருக்கு, பீர் இருக்கு, ஜூஸ் இருக்கு, எல்லாம் டிக்கெட்லயே சேர்த்திதான் என்று கேட்டார். அப்பா தண்ணீர் கேட்டார். உயரமான கிளாஸில் ஐஸ் போட்டு விளிம்பு வரைக்கும் ஊற்றினார் அந்த அம்மா, கிளாஸ் வெளியெல்லாம் முத்து முத்தாக வேர்த்து நின்றது. அப்பா அதை எடுத்து வாய் வைத்தவர் கீழே வைக்கவே இல்லை. தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தடுக்கக் கை போயிற்று, பாதியிலேயே நின்றுவிட்டது. கிளாஸைக் கவிழ்த்துக் கடைசி ஐஸையும் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு. சுகமாக இருக்கிறது என்றார். அந்த ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொடுக்காமல் காவல் காத்தவள் நான் என்பதுதான் அப்போது எனக்கு நெஞ்சில் அடித்தது. அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் காத்தேன், அது அவருக்கும் தெரியும், தெரிந்தும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம்தான் சொன்னார். சாதாரணமாக, நாளைக்குக் கேஸ் சிலிண்டர் வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். "மெஷின்ல இருந்து எழுந்து நிமிர்றதுக்கு ஒரு நாள் ஆகுது, நிமிர்ந்ததும் மறுபடி போய்ப் படுக்கணும். நடுவுல எனக்குன்னு ஒண்ணும் மிஞ்சல. இந்த மாசத்தோட போதும் டெய்லரம்மா. வயிறு நிறைஞ்சுதான் சொல்றேன், கோவத்துல சொல்லல." நான் இன்னும் கொஞ்ச நாள் என்றேன், பிள்ளை லீவுக்கு வந்து போகும் வரைக்குமாவது என்றேன். போதும்மா என்றார். நான் விடவில்லை, எனக்காக என்று கேட்டேன், என்னை யார் டெய்லரம்மா என்று கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். அவர் முன்னால் இருந்த காலித் தட்டின் மேல் கையை விரித்து வைத்தார். உனக்குத் தெரியும் அவருடைய தொழில் சட்டம், ஓட்டலில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பாரே. சாப்பிடுகிறவர் முதலில் போதும் என்றால் அது மரியாதைக்கு, நகர்ந்துவிடக் கூடாது, இன்னொரு முறை கேள். இரண்டாவது போதும் பாதி மனசு. தட்டைக் கையால் மறைத்துவிட்டார் என்றால் அதற்கு மேல் ஒரு கரண்டி வைத்தாலும் அது உபசாரம் இல்லை, அதிகாரம். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜை ஜோடி எங்களைப் போட்டோ எடுத்துத் தருகிறோம் என்று வந்தது, சிரிக்கச் சொன்னது, சிரித்தோம். நீ பார்த்துவிட்டு ரெண்டு பேரும் சூப்பர் என்று போட்டாயே, அந்தப் போட்டோதான்.

அன்று இரவே மூச்சு முட்டும் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன், கொஞ்சம் இரைத்தது, மறுநாள் மெஷினில் அந்தத் தண்ணீரை இறக்கிவிட்டார்கள். கிளாஸ் தண்ணீருக்கு நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கியதும் நான்தான். அதற்குப் பிறகு அப்பா லேசாக இருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ராத்திரி என்னிடம் பழைய கதை பேசிச் சிரிக்கிறார், எனக்குச் சிரிப்போடு சேர்ந்து கோபமும் வருகிறது, இவ்வளவு சிரிக்கத் தெரிந்தவர் ஏன் போக வேண்டும் என்று. டாக்டர் பேசிப் பார்த்தார், அவர் முடிவு அவருடையது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான், நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண. நான் ஒன்றை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அவரைத் தடுக்க உன்னைக் கூப்பிடுகிறேனா வழியனுப்பக் கூப்பிடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. காலையில் எழுந்தால் ஒன்று தோன்றுகிறது, மெஷினில் இருந்து அவரைத் தாங்கிக் கூட்டிவரும்போது இன்னொன்று தோன்றுகிறது. எதற்காகவோ, நீ வா. வேலை போனால் இன்னொரு வேலை, அப்பா சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதே.

வரும்போது நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, லீவு மிஞ்சியிருந்தது, சும்மா வந்தேன் என்று சொல், நம்பமாட்டார், ஆனாலும் சொல். அவர் முன்னால் வந்ததும் அழுதுவிடாதே, வாசலில் நின்று அழுது முடித்துவிட்டு உள்ளே வா, நான் கதவைத் திறக்கக் கொஞ்சம் தாமதம் பண்ணுகிறேன். உன் பழைய மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். வழியில் கண்டதையும் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, பாஸ்போர்ட்டைப் பின்பாக்கெட்டில் வைக்காதே. இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன், கிடைத்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, எடுக்கமாட்டேன், புரிந்துகொள்வேன். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் எப்போதும் உன்னை விரும்புகிற ஒருத்தர் இருக்க வேண்டும், வேறு என்ன ஆசீர்வாதம் எனக்குத் தெரியும்.

உனக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் இரண்டு பேர் பெயரையும் நான்தான் சேர்த்துப் போடுவேன், அவருக்குப் பேனா எடுக்கச் சோம்பல். இது அவருக்குத் தெரியாத கடிதம், அதனால் அம்மா என்று மட்டும் எழுதிப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை, அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவும் அம்மாவும்