காற்றையும் அளந்த மீட்டர்

இன்று காலை பெயிண்டில் கலக்கும் ஹார்டனர் டின்னைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. "ஏன் புள்ள, என்ற மாஸ்க்க எங்க வெச்ச?" என்று திரும்பிக் கேட்டுவிட்டேன். மிஷின் பக்கத்தில் நீ இல்லை. பெயிண்ட் ஷெட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நீ செத்துப்போனது எனக்கு இன்னும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும்போது "திங்கக்கெழம வாரேன் புள்ள" என்றாய். திங்கட்கிழமை காலை உன் தம்பி போன் செய்தான். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. "யாருக்கு? யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அழக்கூடத் தோன்றவில்லை.

இதேபோல் எனக்குக் கைகால் ஓடாமல் போன இன்னொரு நாள் உண்டு. அன்று நீ பக்கத்தில் இருந்தாய்.

நாமக்கல்லில் தண்ணீர் டேங்கர் கட்டும் இந்தப் பட்டறையில், தொட்டியின் உள்பக்கம் பெயிண்ட் அடிப்பது நம் இருவர் வேலை. பெயிண்டையும் ஹார்டனரையும் மிஷின் அளந்து கலந்து தரும். ஹார்டனர் குறைந்தால் எத்தனை நாளானாலும் பெயிண்ட் இறுகாது. அன்று, அடித்து ஒரு வாரமான தொட்டிக்குள் கை வைத்தேன். விரல் ஒட்டியது. மிஷின் திரையிலோ அளவு சரியாகவே காட்டியது. "பெயிண்ட்டே மட்டமா வந்திருக்கும்" என்றார் முதலாளி.

நீ திரையை நம்பவில்லை. மிஷினில் அளவு எடுக்கும் மீட்டரைத் தாண்டியிருந்த குழாய்களைத் திறந்து, இரண்டையும் தனித்தனிக் கப்பில் பிடித்தாய். பெயிண்ட் சீராக இறங்கியது. ஹார்டனர் துப்பித் துப்பி, நுரையாக வந்தது. நுரை அடங்கியதும் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. டின்னிலிருந்து உறிஞ்சும் ஹோஸின் கிளிப் தளர்ந்து, காற்று உள்ளே போயிருந்தது. மீட்டர் அந்தக் காற்றையும் ஹார்டனர் கணக்கில் சேர்த்திருந்தது.

"இதுக்கு முந்தி அடிச்ச டேங்கர்?" என்றாய். அது அன்று காலைதான் ஒரு கல்யாணத்துக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ஓமலூர் போயிருந்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நீ டிரைவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய். "சாமி, தண்ணியத் தொறந்து உட்றாத."

"சமையல்காரங்க குடத்தோட நிக்கறாங்களேக்கா!"

"யாரும் வாயில வெக்கக்கூடாது. மூடியத் தொறந்து மோந்து பாரு."

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அய்யோ, குப்புனு பெயிண்ட் நாத்தம் அடிக்குதுங்கக்கா."

முதலாளி போனைப் பிடுங்க வந்தார். "பட்டற பேரக் கெடுத்துப்போடாத!"

"ஏனுங்க, கொழந்தைங்க குடிக்கற தண்ணிங்க!" என்று அவர் கையைத் தட்டிவிட்டாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை அவர் முன்னால் நீ குரல் உயர்த்தியதே இல்லை. தண்ணீர் முழுவதும் தரையில் போனது. வேறு வண்டி வரும்வரை பந்தி தாமதமானது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்று உன் இடத்தில் நான் நின்றேன். டெலிவரிக்கு அவசரம். "அளவு சரியாத்தான காட்டுது, அடி" என்றார் முதலாளி.

"கப்புல புடிச்சுப் பாத்துட்டு அடிக்கறேனுங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் கப்பை எடுத்துக் குழாய்க்கடியில் பிடித்தேன்.