லிஃப்ட் நகருதா?

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். போன மாதம் நான் எழுதிய பதிலைத் தேடி எடுத்துக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கடைசி நாளிலும் அம்மா வழக்கம்போல் என்னோடு சிரித்துப் பேசினார் என்று அதில் எழுதியிருந்தேன். அது பொய். அன்று அவரைப் பேச விடாமல் இணைப்பைத் துண்டித்தவள் நான்தான்.

இதைப் படித்ததும் கடிதத்தைத் தூக்கி எறியத் தோன்றினால் எறியுங்கள். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதி இருக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு எறியுங்கள்.

எங்கள் கம்பெனிக்கு நீங்கள் எழுதிய நன்றிக் கடிதத்தை எங்கள் மேற்பார்வையாளர் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார். ‘அம்மா போனில் பேசும்போதெல்லாம் லிஃப்டுக்குள் ஒரு பொண்ணு இருக்கா, நல்லா பேசுறா என்பார். அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்தேன். வந்து பார்த்தபோதுதான் அந்தப் பொத்தானும் அதன் கீழே ஓட்டை ஓட்டையாக இருந்த தகடும் தெரிந்தன. கடைசி வரை அவருக்குத் துணையாக இருந்த அந்தப் பெண்ணுக்கு என் நன்றி’ என்று எழுதியிருந்தீர்கள். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போகிறேன். இப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

என் வேலையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஆறு நாற்காலிகள். ஊரிலுள்ள முந்நூறு சொச்சம் லிஃப்டுகளில் எதில் யார் அவசரப் பொத்தானை அழுத்தினாலும் எங்கள் காதில்தான் மணி அடிக்கும். மேஜையில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அதில் மூன்று கேள்விகள். எந்தக் கட்டடம், லிஃப்ட் நகருதா, உள்ளே எத்தனை பேர். லிஃப்ட் நகருகிறது என்று பதில் வந்தால் ‘தவறுதலாக அழுத்தியது’ என்று குறித்துவிட்டு வைத்துவிட வேண்டும். நாற்பது விநாடியைத் தாண்டினால் திரையில் சிவப்பு எரியும், மேற்பார்வையாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே ‘நாற்பது’தான்.

உங்கள் அம்மா முதல் தடவை அழுத்தியது மின்விசிறிப் பொத்தான் என்று நினைத்து. மறுநாள் தெரிந்தே அழுத்தினார். லிஃப்ட் நகருதா என்று கேட்டேன். “ஜோரா ஓடுதும்மா. அதைச் சொல்லணும்னுதான் அடிச்சேன். கெட்டுப்போனா மட்டும் சொல்றோம், நல்லா ஓடினா யாராவது சொல்லணும்ல?” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதிலிருந்து தினமும் மூன்று நாற்பதுக்கு, காற்று வாங்கக் கீழே இறங்கும்போது, லிஃப்டின் உடல்நிலையை எனக்குத் தெரிவிப்பார். ஏழாம் மாடியிலிருந்து தரைத்தளம் வர ஐம்பது விநாடி. அந்த ஐம்பது விநாடிக்குள் முட்டிவலி, உங்கள் மகனின் பரீட்சை, பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில் எல்லாம் வந்துவிடும். நாற்பத்து மூன்று வயதில் என்னைப் பொண்ணு என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார். பெரும்பாலான நாட்களில் சிவப்பு எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிடுவேன். இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. என்னால் வைக்காமல் இருக்க முடியும், பலமுறை வைக்காமல் இருந்திருக்கிறேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று பதினேழாம் தேதி. காலையிலிருந்து மழை. மழை என்றால் மின்சாரம் போய்ப்போய் வரும், லிஃப்டுகள் நடுவழியில் நிற்கும். ஓர் அலுவலகக் கட்டடத்தில் நான்கு பேர் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது உங்கள் அம்மாவின் லிஃப்ட் எண் திரையில் வந்தது. மணி மூன்று நாற்பது கூட ஆகவில்லை, மூன்றுதான். நேரம் தவறி அடிக்கிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. லிஃப்ட் நகருதாம்மா என்று கேட்டேன். “நகருதும்மா, ஆனா” என்றார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு ஒரு மூச்சு இழுத்தார். நான், சரிம்மா, அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். தவறுதலாக அழுத்தியது என்று குறித்தேன். மொத்தம் பத்தொன்பது விநாடி.

அவர் போன செய்தி இரண்டு நாள் கழித்து எங்கள் மெக்கானிக் வழியாகத்தான் வந்தது. நாற்பதிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “ரூல்படிதானே செஞ்சே? உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றார். உண்மைதான். ஒரு விதியைக்கூட நான் மீறவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பிறகு உங்கள் நன்றிக் கடிதம் வந்தது. பதில் எழுதச் சொன்னார்கள். நானும் அந்தப் பொய்யை எழுதித் தபாலில் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம், அக்கா, மூன்று நாற்பதுக்கு மணி அடித்தது. திரையில் அதே லிஃப்ட். எடுத்தேன். மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும். லிஃப்ட் நகருதா என்று கேட்டேன். பதில் இல்லை. அரை நிமிடம் கழித்துக் கதவு திறக்கும் ஓசை, பிறகு அதுவும் இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மெக்கானிக்கை அனுப்பினேன். பொத்தானில் ஈரம் இறங்கியிருக்கும் என்று சொல்லிப் புதுப் பொத்தான் போட்டுவிட்டு வந்தார். அன்றும் அடித்தது. பக்கத்து நாற்காலிக்காரி, நீயே வைத்துக்கொள் அம்மா உன் பேயை என்று சொல்லிவிட்டு வேறு மூலைக்கு மாறிவிட்டாள். மூன்றரை ஆனாலே என் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். விடுமுறை நாளில் வீட்டில் இருந்தாலும் அந்த நேரத்துக்குக் காதுக்குள் மணி அடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன்.

பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. கடைசி நாளன்று அட்டையில் இருக்கும் கேள்வி என் வாயில் வரவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நீண்ட நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. பிறகு ஓர் ஆணின் குரல், “நல்லா இல்லம்மா” என்றது.

நீங்கள் யார் என்று கேட்டேன். நான்காம் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர் அவர். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நீங்கள் வந்திருந்தபோது அம்மா வீட்டுச் சாவியை உங்கள் கையில் கொடுத்தாரே, அவரேதான். அம்மா போன பிறகு அந்த லிஃப்டில் ஏற மனம் வராமல் இரண்டு மாதம் படியிலேயே ஏறி இறங்கியிருக்கிறார். முட்டி தாங்கவில்லை. திரும்ப லிஃப்டுக்கு வந்தவருக்குப் பொத்தானைப் பார்த்தால் அழுத்தாமல் இருக்க முடியவில்லை, அழுத்தினால் பேச்சு வரவில்லை. “லிஃப்ட் நகருதான்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது? லிஃப்ட் நகருது. நான்தான் நின்னுட்டேன்” என்றார்.

அன்று அவரோடு இருபத்தாறு நிமிடம் பேசினேன். நாற்பது என் பின்னால் வந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் பெரியவர் அந்த நாளைப் பற்றிச் சொன்னார். தரைத்தளத்தில் லிஃப்டுக்குக் காத்து நின்றது அவர்தான். கதவு திறந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து, தகட்டைப் பார்த்து அண்ணாந்தபடி இருந்தாராம். நான் வைத்தால் அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் வராது, விளக்கும் அணையாது. நான் இருக்கிறேன் என்றே நினைத்திருக்கிறார். “வெச்சிடாதம்மா, வெச்சிடாதம்மா” என்று அந்தத் தகட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பெரியவர் மடியில் தலையைத் தாங்கிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆகவே அக்கா, கடைசி வரை துணையாக இருந்தது நான் இல்லை, அவர். உங்கள் நன்றி அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான் வைக்காமல் இருந்திருந்தாலும் அம்மா பிழைத்திருக்க மாட்டார் என்று அவர் எனக்குச் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஏழாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரும் வரைக்கும் ஒரு மனிதக் குரல் அவர் கூட வந்திருக்கும். பயந்துபோன ஒருவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. அதைக் கொடுக்க எனக்குக் காசா பணமா? மருந்து தெரியாதவள், வைத்தியம் தெரியாதவள், என்னால் கொடுக்க முடிந்ததே அது ஒன்றுதான். அதைக் கொடுக்கவில்லையே என்பதுதான் என்னைத் தின்கிறது.

இப்போது வருகிற எல்லா அழைப்பிலும் முதலில் ஆளை விசாரித்துவிட்டுத்தான் லிஃப்டை விசாரிக்கிறேன். வீட்டிலும் அதே பழக்கம் தொற்றிவிட்டது. அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை எப்படி இருக்கேன்னு கேட்பே என்று என் மகள் கேலி செய்கிறாள். பெரியவர் இப்போதும் மூன்று நாற்பதுக்கு அடிக்கிறார். பேசுகிறார். இருந்தாலும் மணி அடித்ததும் அவர் குரல் வருவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் எனக்கு உங்கள் அம்மாவின் மூச்சுதான் கேட்கிறது.

தேதிக்கு வருகிறேன். எங்களுக்கு வரும் எல்லா அழைப்பும் பதிவாகும். நான்கு மாதம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். அம்மாவின் அந்தப் பத்தொன்பது விநாடி அடுத்த மாதம் பதினேழாம் தேதியோடு போய்விடும். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கேட்க வேண்டிய விலாசத்தையும் லிஃப்ட் எண்ணையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டால் கம்பெனி பெயர் கெடும், என் வேலை போகலாம் என்று நாற்பது சொன்னார். போனால் போகட்டும். அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அது உங்கள் அம்மாவின் குரல். அதை வைத்திருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள், நான் இல்லை.

மன்னியுங்கள் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். அந்தப் பதிவு கைக்கு வந்தால் தனியாக இருக்கும்போது கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரரையோ மகனையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யாருமே இல்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், என் வீட்டு எண்ணையும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். திட்டுவதற்காகச் செய்தாலும் சரி, ஒன்றும் பேசாமல் இருந்தாலும் சரி. நீங்கள் வைக்கும் வரை நான் வைக்க மாட்டேன்.

நீங்களும் உங்கள் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் லிஃப்டுப் பொண்ணு